பவுத்திரமும் சங்கராபரணமும்

மார்கழி மாதம். மயிலாப்பூரில் ஒரு சபா கேன்டீனில் ரவா தோசைக்காகக் காத்திருந்தபோது பக்கத்து மேஜையில் இரண்டு மாமாக்களுக்குள் சண்டை. உள்ளே குழந்தைகள் கோஷ்டி அப்போதுதான் முத்துசுவாமி தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்' பாடி முடித்திருந்தது.

"பிரிட்டிஷ்காரன் தேசிய கீதம் ஓய் இது! அப்பட்டமான காப்பி!"

"எத்தனை சார்?" என்றார் சர்வர்.

"அவன்தான் நம்மகிட்டேர்ந்து சுட்டிருப்பான்" என்றார் இன்னொரு மாமா. கோஷ்டியில் பாடிய வாண்டு ஒன்று, பட்டுப் பாவாடையும் பஜ்ஜியுமாக நின்று இதைக் கேட்டுக் கொண்டிருந்தது. அதன் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்துக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதிகள். லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் அந்தப் பாட்டு பாடப்பட்டது 1745-ல். தீட்சிதர் பிறந்தது 1775-ல். இரண்டாவது மாமா அவுட். மெட்டு வெள்ளைக்காரருடையதுதான்.

ஆனால் எந்த வெள்ளைக்காரர்? அங்கேதான் வேடிக்கை. ஜான் புல் என்பவர் 1619-ல் எழுதிய ஒரு துண்டில் இதன் சாயல் இருக்கிறது என்கிறார்கள். ஹென்றி கேரி என்ற கவிஞர் போட்டது என்று அவர் பிள்ளை கிளம்பி, அதற்காக பென்ஷன் கேட்டுப் பார்த்தார். (கிடைக்கவில்லை. எந்த ஊர் சர்க்கார் ஆனால் என்ன!) பிரெஞ்சுக்காரர்கள் கதைதான் டாப். 1686-ல் பதினாலாம் லூயி ராஜாவுக்குப் பவுத்திரம். குளோரோபாரம் இல்லாத காலம். கத்தி வைத்தார்கள், பிழைத்துவிட்டார். அந்த சந்தோஷத்தில் லுல்லி போட்ட மெட்டை இங்கிலீஷ்காரன் தள்ளிக்கொண்டு போனானாம். ஆபரேஷன் நிஜம். மெட்டுக் கதைக்கு இருக்கும் ஆதாரம் ஒரு போலி நினைவுக் குறிப்பு. ஆனாலும் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் 'மூலம், பவுத்திரம்' போஸ்டரைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு அந்த மெட்டுதான் ஓடுகிறது.

ஜெர்மனி, ரஷ்யா, ஸ்விட்சர்லாந்து எல்லாரும் ஆளுக்கொரு பெயர் வைத்து இதைப் பாடியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் 1831-ல் வேறு வார்த்தை போட்டுத் தங்கள் நாட்டைப் புகழ்ந்துகொண்டார்கள். லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டுக்கு இன்றும் இதுதான் தேசிய கீதம். 2003-ல் அவர்கள் இங்கிலாந்தோடு கால்பந்து ஆடியபோது ஒரே மெட்டை இரண்டு தடவை வாசித்தார்கள். அங்கே யாரும் 'காப்பி' என்று கத்தவில்லை.

தீட்சிதர் விஷயத்துக்கு வருவோம். வாலிபத்தில் அவர் குடும்பம், சென்னைக்கு வடக்கே மணலியில் ஒரு முதலியார் ஆதரவில் இருந்தது. கோட்டையில் கம்பெனி பேண்டு வாசிக்கும். கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாஹித்யம் எழுதினார். சுமார் 40 பாட்டுகள். பெயரே 'நோட்டு ஸ்வரம்'. இங்கிலீஷ் 'நோட்' என்று நெற்றியில் ஒட்டிவிட்டுத்தான் பாடுகிறோம், இதில் திருட்டு எங்கே? அதிலும் அவர் மொழிபெயர்க்கவில்லை. ஊரை ஆள்வது கம்பெனி. அதன் ராஜாவுக்குப் பல்லாண்டு பாடும் மெட்டு. ராஜாவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் சியாமளாதேவியை உட்கார வைத்தார் மனிதர்! இந்தத் தில் ஐரோப்பாவில் யாருக்கு இருந்தது?

அதே கோட்டைச் சகவாசத்தில் அவர் தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றுக்கொண்டார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? அதை எந்த மாமாவும் காப்பி என்பதில்லை.

அடையாறிலோ தி.நகரிலோ எல்.கே.ஜி. வாண்டு வைத்திருப்பவர்கள், தீட்சிதரின் 'சியாமளே மீனாட்சி'யைத் தேடிப் போட்டுக் காட்டுங்கள். "ட்விங்கிள் ட்விங்கிள்!" என்று துள்ளும். அந்த மெட்டு யாருடையது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மொஸார்ட் என்பார்கள். இல்லை, அது பழைய பிரெஞ்சுப் பாட்டு.