கித்துள் பாணியின் விலை

பிரான்சு நாட்டுச் சிற்றூர்களில் திராட்சைத் தோட்டமும் மதுச்சாலையும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதைப் பயண நூல்களில் படித்திருக்கிறோம். அதற்கு நிகரான குடிசைத் தொழிலொன்றைக் காணச் சென்ற விடுமுறையில் கித்துல்கலைக்குச் சென்றிருந்தேன்.

அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் வீதியில், களனி கங்கைக் கரையில் அமைந்த ஊர் அது. 1957ஆம் ஆண்டு வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை இங்கேதான் எடுத்தார்கள். இன்று ஆற்றில் படகு விட்டு மகிழ இளைஞர் திரளுகின்றனர். ஆனால் ஊருக்குப் பெயர் தந்தது கித்துள் மரம். தமிழில் அதனைக் கூந்தற்பனை என்பர். அவிழ்ந்த கூந்தல்போல் தொங்கும் அதன் பூங்குலையைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

நான் காணச் சென்றவர் இருபத்தைந்து ஆண்டுகள் லொறி ஓட்டியவர். தந்தையார் மறைந்தபின், ஐம்பதை நெருங்கும் வயதில், அவர் விட்டுச்சென்ற மரங்களில் ஏறத் தொடங்கினார். லொறி ஓட்டிய காலத்தில் கற்ற தமிழில் என்னை வரவேற்றுத் தொழிலை விளக்கினார்.

பாளை விரியுமுன் அதன் அடியில் வெட்டி, மிளகு, உள்ளி, உப்பு, சுண்ணாம்பு முதலியன சேர்ந்த மருந்தை வைத்துக் கட்டுகிறார்கள். கலவை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். சில நாள் சென்றபின் பாளையைச் சீவினால் இனிய நீர் சொட்டத் தொடங்கும். அதன்பின் காலையும் மாலையும் மரமேறிச் சீவி, முட்டியை மாற்ற வேண்டும். மழை என்றாலும் ஓய்வில்லை.

இறக்கிய நீரை அப்படியே விட்டால், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதன் இனிப்பை மதுவாக மாற்றிவிடும். திராட்சைச் சாறு மதுவாவதும் இவ்வாறே. நொதித்தல் உயிர்களின் செயல் என்பதை 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் ஆய்ந்து நிறுவினார். கித்துள் தொழிலாளரோ முட்டிக்குள் 'ஹல்' மரப்பட்டையை இட்டு அந்நொதித்தலைத் தாமதப்படுத்தும் முறையைப் பரம்பரையாக அறிந்திருக்கின்றனர். உடனே காய்ச்சினால் பாணி, மேலும் இறுக்கினால் கருப்பட்டி, புளிக்கவிட்டால் கள். "வீட்டிலே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், சேர். எங்களுக்குப் பாணி போதும்" என்று அவர் சிரித்தார்.

புறப்படும்போது இரண்டு போத்தல் பாணி கேட்டேன். விலையைக் கேட்டதும், "பட்டணத்தில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் கூறவில்லை. அவருடைய மனைவியார் என்னை அடுப்படிக்கு அழைத்துச் சென்றார். விறகடுப்பில் அன்றைய நீர் கொதித்துக்கொண்டிருந்தது. "ஏழெட்டுப் போத்தல் காய்ச்சினால் ஒரு போத்தல், மாத்தையா. சீனி சேர்த்தால் நாங்களும் மலிவாகத் தரலாம்" என்றார். அவ்வாறு சீனி கலந்து தரும்படி ஒரு கடைக்காரர் கேட்டதும், அவர்கள் மறுத்ததும், அதனால் அக்கடைக்குப் பாணி கொடுப்பது நின்றுபோனதும் பின்னரே தெரிந்தன. நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

கலப்படத்தைக் கண்டிக்கும் நாமே மலிவைத் தேடி அதனை வளர்க்கிறோம். உண்மையான பொருளுக்கு உரிய விலை கொடாத ஊரில் உண்மையான பொருள் எத்தனை நாள் நிலைக்கும்?

அவருடைய மகன் ஆற்றில் படகு விடுகிறார், மரமேற விரும்பவில்லை. தந்தை வற்புறுத்தவும் இல்லை. "கால் தவறினால் உயிர் போகும் தொழில். நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

கித்துள் பல ஆண்டுகள் பூவாது நிற்கும். பூக்கத் தொடங்கினால் முதற்குலை உச்சியில். பின்னர் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி இறங்கும். கடைசிக் குலையோடு மரமும் பட்டுப்போகும். பழத்தைத் தின்ற மரநாய் கொட்டையைக் காட்டில் எங்கேனும் விட்டுச்செல்ல, மனிதர் நடாமலே புதுக்கன்று எழும். கன்றுக்குக் குறைவில்லை. ஏறுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அவர் கேட்ட விலையையே கொடுத்து விடைபெற்றேன். போத்தலை என் கையில் தரும்போது, "வீட்டிலே தயிரோடு கொடுங்கள், சேர், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார். தெரிந்தது. அடுத்த முறை பாணி வாங்கும்போது, மாணவர்களே, விலையைக் கேட்குமுன் அந்த மரத்தின் உயரத்தை ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.