எண்ணச் சொல்வது ஓர் உறுப்பினரின் உரிமை

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை பிற்பகல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம். வார இறுதிக்கு ஊர் திரும்புகிறவர்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். திருநர்களின் உரிமைகளுக்காகத் திமுக உறுப்பினர் திருச்சி சிவா முந்தைய டிசம்பரில் அறிமுகப்படுத்திய மசோதா அன்று இறுதிக் கட்டத்துக்கு வந்திருந்தது.

இத்தகைய மசோதாக்கள் எப்படி முடியும் என்பது அவையில் எல்லோருக்கும் தெரியும். அமைச்சர் எழுந்து உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுவார். அரசே சட்டம் கொண்டுவரும், மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பார். உறுப்பினரும் நன்றி சொல்லித் திரும்பப் பெறுவார். அன்று அமைச்சர் தாவர்சந்த் கெலாட் அப்படித்தான் கேட்டார். சிவா இசையவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றார். திருநர்களுக்கு உரிமை கூடாது என்று பெயர் பதியும்படி வாக்களிக்க அவையில் யாருக்கும் மனம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். மசோதா ஒருமனதாக நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதாவுக்கு மாநிலங்களவை ஒப்புதல் தந்தது 45 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. விடுதலைக்குப் பிறகு இரு அவைகளையும் கடந்து சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14தான். அவற்றில் கடைசியானது 1970-ல் நிறைவேறியது.

ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் நிலைப்பாடு என்ன என்று அறிய நாம் இன்று தொலைக்காட்சி விவாதங்களையும் சமூக ஊடகப் பதிவுகளையும் பார்க்கிறோம். அங்கே சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்லலாம், திரித்துவிட்டார்கள் எனலாம். அவையில் பொத்தானை அழுத்தி அளித்த வாக்கை மாற்ற முடியாது. ஓர் உறுப்பினர் எந்தப் பக்கம் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை. அந்தச் சான்றே உருவாகாதபடி நம் அவைகள் பழகிவிட்டன என்பதுதான் என் கவலை.

பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்போர் 'இல்லை' என்பார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று அவைத்தலைவர் அறிவிப்பார். அதை ஏற்காத உறுப்பினர் ஒருவர் 'டிவிஷன்' கேட்டால் மணி ஒலிக்கும், கதவுகள் அடைபடும், வாக்குகள் எண்ணப்படும், யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயர்வாரியாக அவைக்குறிப்பில் ஏறும். கேட்க ஓர் உறுப்பினர் போதும்.

இரண்டு நாள்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணி நிறைவேற்றப்பட்டது. ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதிமுக உறுப்பினர்கள் ஆதரித்தார்கள் என்பது எண்ணிக்கையோடு பதிவாயிற்று. அந்த வாக்கைப் பற்றிய கேள்வி தமிழ்நாட்டில் அவர்களை விடவே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதே கட்சி எழுத நேர்ந்தது. மக்கள் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அவர்கள் கையில் பட்டியல் இருந்ததால்தான் கேட்க முடிந்தது.

அடுத்தது 2020 செப்டம்பர் 20. ஞாயிற்றுக்கிழமை, கொரோனா காலம். வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன. அவற்றைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோரியவர்களில் திருச்சி சிவாவும் ஒருவர். டிவிஷன் கேட்டார்கள், தரப்படவில்லை; மசோதாக்கள் குரல் வாக்கிலேயே நிறைவேறின. உறுப்பினர்கள் தத்தம் இருக்கையிலிருந்து கேட்கவில்லை, அவையில் ஒழுங்கு இல்லை என்று துணைத்தலைவர் ஹரிவன்ஷ் தரப்பு விளக்கியது. இருக்கையிலிருந்துதான் கேட்டோம் என்று உறுப்பினர்கள் மறுத்தார்கள். அவையில் அமளி நடந்தது உண்மை. விதிப்புத்தகம் கிழிந்ததையும் ஒலிவாங்கிகள் பிய்க்கப்பட்டதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அமளியை அடக்கி, அவையை ஒத்திவைத்து, மறுநாள் எண்ணியிருக்கலாமே? ஒரு நாள் தாமதத்தில் எந்த வயலும் காய்ந்திருக்காது.

அந்தக் குரல் வாக்கால் நாம் இழந்தது என்ன? அதிமுகவின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம் அந்த மசோதாக்களை அவையில் கடுமையாக விமர்சித்துப் பேசினார். அவருடைய கட்சியோ மக்களவையில் ஆதரித்திருந்தது, முதலமைச்சர் பழனிசாமியும் ஆதரித்துப் பேசிவந்தார். மாநிலங்களவையில் அக்கட்சி உறுப்பினர்கள் கடைசியில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்குப் பெயர்வாரியான பதிவே இல்லை. தஞ்சாவூர் விவசாயி ஒருவர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் கிடையாது. டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேல் விவசாயிகள் போராடினார்கள். 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன, அதுவும் விவாதமின்றி.

எண்ணினாலும் கட்சி சொன்னபடிதானே வாக்கு விழும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1985-ல் 52-வது திருத்தத்தின் வழியே வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவிக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்கப் பிறந்தது. 1967-ல் ஹரியாணாவில் சட்டமன்ற உறுப்பினர் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை அணி மாறிய காட்சியைக் கண்ட நாடு இது, அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது. ஆனால் அது விலைபோகிறவரையும் மனசாட்சிப்படி வாக்களிக்கிறவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. கொறடா உத்தரவை மீறினால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி பறிபோகலாம். ஆட்சி நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு இந்தத் தடை நிற்கட்டும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே பரிந்துரைத்தது. காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி இதே நோக்கில் தனிநபர் மசோதாவை ஒரு முறைக்கு மேல் கொண்டுவந்திருக்கிறார். எந்தக் கட்சித் தலைமையும் அதில் ஆர்வம் காட்டவில்லை.

இந்தக் கயிறு இல்லாத காலத்தில் ஆளுங்கட்சி வரிசையில் ஃபெரோஸ் காந்தி இருந்தார். பிரதமரின் மருமகன். பத்திரிகைகள் நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சமின்றி வெளியிட அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1956-ல் சட்டமானது. அடுத்த ஆண்டு எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டதை அதே இருக்கையிலிருந்து கிளப்பினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. அந்தத் துணிச்சலை இன்று ஆளுங்கட்சியின் எந்தப் பின்வரிசை உறுப்பினரிடம் எதிர்பார்க்க முடியும்?

கொறடாவின் பிடியைத் தளர்த்த அரசமைப்புத் திருத்தம் வேண்டும், அதற்கு நாள் ஆகும். மசோதாவின் இறுதி வாக்கை எப்போதும் எண்ணியே நடத்துவது என்பதற்கு அவை விதிகளில் மாற்றம் போதும். மின்னணு வாக்குப் பலகை இருக்கிறது, சில நிமிட வேலை. கேட்டால் மட்டும் எண்ணுவது என்ற இன்றைய நிலையில், கேட்டது காதில் விழுந்ததா என்பதே சர்ச்சையாகிவிடுகிறது.

சிவாவின் திருநர் மசோதா மக்களவையில் நிறைவேறவில்லை. அதற்குப் பதிலாக அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்தது. கல்வியிலும் வேலையிலும் சிவா கேட்டிருந்த இடஒதுக்கீடு அதில் இல்லை. திருநர்மீது பாலியல் வன்முறை புரிந்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான் சிறை என்றது. 2019 நவம்பர் 26 அன்று அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பும்படி சிவா தீர்மானம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 55, எதிர்ப்பு 74. தோற்றுப்போனார். அந்த எண்கள் அவைக்குறிப்பில் இருக்கின்றன, எவரும் எடுத்துப் பார்க்கலாம்.