விடுப்புக் கேட்டவரிடம் ராஜினாமா வாங்காதீர்கள்

அமராவதிக் கரை ஊரான கொமரலிங்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சென்ற மாதம் ஒரு கடிதத்தைப் படித்தேன். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதை அலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார் அந்தப் பெண். "எனது சொந்தக் காரணங்களால் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன். எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை." அவ்வளவுதான் கடிதம். கையெழுத்து அவருடையது. மேலே இருந்த இரண்டு வரியும் ஆபீஸில் யாரோ எழுதியவை.

அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். நான்கு வருடம் மூன்று மாதம் ஒரே கம்பெனி. பிரசவ விடுப்பு முடியும்போது குழந்தைக்கு நாலரை மாதம். புட்டிப்பால் கொடுத்தால் துப்பிவிடுகிறது. "சம்பளம் வேண்டாங்க சார், மூணு மாசம் மட்டும் லீவு குடுங்க" என்று கேட்கப் போனார். கிடைத்த பதில்: "கணக்கு முடிச்சுட்டுப் போ கண்ணு. புள்ள வளந்ததும் வா. வேலை எங்க போயிரப் போகுது?"

அதட்டலோ மிரட்டலோ இல்லை. அன்பாகத்தான் சொன்னார்களாம். படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. நல அலுவலராக இருந்த காலத்தில் இதே போன்ற கடிதங்களை வாங்கி நானும் கோப்பில் சேர்த்திருக்கிறேன். அந்தப் பெண்களில் யாராவது உண்மையில் வேலையை விட விரும்பினார்களா என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. இந்த இதழைப் படிக்கும் மனிதவள மேலாளர்கள், நல அலுவலர்கள், தொழிலாளர் வழக்கறிஞர்கள் பலரின் அலமாரியிலும் அப்படிப்பட்ட தாள்கள் இருக்கும். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த 26 வாரம் அப்படியே தொடர்கிறது. அதாவது 182 நாள். இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். நாள் முழுக்க மிஷினில் குனிந்து உட்கார வேண்டியவரோ, மில்லில் நடந்துகொண்டே இருக்க வேண்டியவரோ எட்டாம் மாதத்துக்கு மேல் எப்படி வேலை செய்வார்? அந்த 56 நாளையும் முன்னதாகவே எடுத்துவிடுகிறார். மிச்சம் 126 நாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம் அரசு மருத்துவமனைச் சுவரிலும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள். சட்டம் தரும் விடுப்போ நாலு மாதம் சொச்சத்தில் தீர்ந்துபோகிறது. இடையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் விழுகிறது. பெண்கள் வந்து கேட்பது பெரும்பாலும் அந்த இடைவெளியைத்தான்.

குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் சட்டத்தில் உண்டு. ஆனால் கொமரலிங்கத்துப் பெண் விடிவதற்கு முன் கம்பெனி வண்டி ஏறினால் இரவுதான் திரும்புவார். குழந்தை அம்மிச்சியிடம் ஊரில் இருக்கும். பால் கட்டி மார்பு வலிக்க மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்குப் பதினைந்து நிமிட இடைவேளையால் என்ன பயன்?

26 வாரத்துக்குப் பிறகு தனியார் துறையில் சம்பளமில்லா விடுப்பைச் சட்டப்படியான உரிமையாகக் கேட்க இந்தியாவில் வழியில்லை. பிரசவத்தால் வந்த நோய்க்கு மருத்துவச் சான்றின்பேரில் மேலும் ஒரு மாதம் கிடைக்கும். அது இருப்பதைப் பல ஆபீஸ்களில் சொல்வதே இல்லை. மற்றபடி எல்லாம் நிர்வாகத்தின் விருப்பம். அரசு ஊழியர் நிலை வேறு. தமிழக அரசு 2021 ஜூலை 1 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 12 மாதமாக உயர்த்தியது. மத்திய அரசில் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலத்தில் 730 நாள் வரை உண்டு. ஒரே தெருவில் இருக்கும் ஆசிரியையின் குழந்தைக்கும் டைலரின் குழந்தைக்கும் பசி ஒன்றுதான்.

"கணக்கு முடிக்கிறது" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் அந்தப் பெண் இழப்பது என்ன? பணிக்கொடைக்கு ஐந்து வருடத் தொடர்ச்சி வேண்டும். 26 வாரம் வரையான மகப்பேறு விடுப்பும் அந்தத் தொடர்ச்சியில் சேரும். நாலே கால் வருடத்தில் கணக்கு முடித்து, ஒரு வருடம் கழித்துப் புது ஆளாகச் சேர்ந்தால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டாவது பிரசவத்தின்போது மறுபடி கணக்கு முடித்தால் வருடக்கணக்கில் உழைத்தும் பணிக்கொடையே இல்லாமல் போகலாம். ஈ.எஸ்.ஐ. மகப்பேறு உதவிக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். வேலையில் இடைவெளி விழுந்தால் அதுவும் ஆட்டம் காணும்.

நம் பகுதியிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கை இங்கே நினைவூட்ட வேண்டும். மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண் 1967 அக்டோபர் 16-இல் பிரசவ விடுப்பில் போனார். டிசம்பர் 16-இல் குழந்தை பிறந்தது. அப்போது விடுப்பு 12 வாரம். நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாளுக்குப் பணம் கொடுத்தது. வாரம் என்றால் ஏழு நாள், ஆகவே 84 நாள் என்றார் அவர். கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் கிளம்பிய வழக்கை 1977-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. பிரசவித்த பெண் இழந்த உடல் வலுவைத் திரும்பப் பெறவும், குழந்தையைப் பேணவும் உதவும் வகையில்தான் இந்தச் சட்டத்தைப் பொருள்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அன்றைய பிரச்சினை பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். இன்று 56 நாள்.

"லீவு முடிந்து எட்டு நாளில் வராவிட்டால் நிலையாணைப்படி வேலை போய்விடும்" என்று சொல்லும் நண்பர்கள் 1993-இன் டி.கே. யாதவ் வழக்கைத் திரும்பப் படிக்க வேண்டும். நிலையாணையில் அப்படி இருந்தாலும், விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் பெயரை நீக்குவது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை தொடர்ந்த உமாதேவி வழக்கில் 2025 மே 23-இல் வந்த தீர்ப்பு, மகப்பேறு விடுப்பை இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதியாகவே பார்த்தது. நீதிமன்றம் எந்தத் திசையில் போகிறது என்பது தெளிவு.

நாம் தைக்கும் பனியனை வாங்கும் நாடுகள் இந்த இடைவெளியை எப்படி அடைத்தன? பிரிட்டனில் ஒவ்வொரு குழந்தைக்கும் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே 18 வாரம் சம்பளமில்லா விடுப்பு உண்டு. அங்கே முதலாளி வேலை நெருக்கடி என்று காரணம் காட்டி அதை ஆறு மாதம் வரை தள்ளிப்போடலாம். மறுக்க முடியாது. குழந்தை பிறந்ததை ஒட்டிக் கேட்டால் தள்ளிப்போடவும் முடியாது. அமெரிக்காவில் 1993-இல் வந்த சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் 12 வாரம் தருகிறது. அதுவும் சம்பளமில்லாத விடுப்புதான், ஆனால் வேலை காத்திருக்கும்.

ஷிப்மெண்ட் நேரத்தில் லைனில் ஒரு மிஷின் சும்மா நின்றால் என்ன ஆகும் என்று நிர்வாகம் கேட்கிறது. நியாயமான கேள்வி. அந்த நெருக்கடியை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் கணக்கு முடித்து அனுப்பினாலும் அந்த மிஷினில் அவர் இல்லை. விடுப்பு கொடுத்தால் எந்தத் தேதியில் வருவார் என்று தெரியும். கணக்கு முடித்தால் வருவாரா என்பதே தெரியாது, அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார். திருப்பூரில் எந்தக் கேட்டைப் பார்த்தாலும் "ஓவர்லாக், பேட்லாக் டைலர் தேவை" என்று போர்டு தொங்குகிறது. தெரிந்த டைலரை உள்ளேயிருந்து அனுப்பிவிட்டு, தெரியாத டைலரை வெளியே தேடிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் கையிலேயே செய்யக்கூடியவை நான்கு.

ஒன்று: குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, மகப்பேறு விடுப்பின் தொடர்ச்சியாக மூன்று முதல் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு என்ற விதியை நிலையாணையில் சேருங்கள். நிலையாணை இல்லாத சிறிய கம்பெனிகள் சங்கத்துடன் ஒப்பந்தமாகவோ, நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கம்பெனி விதியாகவோ செய்யலாம். பணித்தொடர்ச்சி அறாது, பழைய டோக்கன் நம்பர், பழைய கூலி என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: விடுப்புக் கேட்டால் விண்ணப்பத்தை எழுத்தில் வாங்குங்கள், பதிலையும் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லால் மறுப்பதுதான் பிறகு ராஜினாமாவாக மாறுகிறது. முடியாது என்றால் ஏன், எப்போது முடியும் என்று தேதியுடன் எழுதுங்கள்.

மூன்று: மகப்பேறு விடுப்பிலோ, முடிந்த மூன்று மாதத்துக்குள்ளோ வரும் ராஜினாமாவை அன்றே ஏற்காதீர்கள். முப்பது நாள் வைத்திருந்து, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். கடிதம் அவர் கையால் எழுதியதா என்று பாருங்கள்.

நான்கு: காண்டிராக்டர் ஆள் என்று ஒதுக்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. பங்களிப்பைக் கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கும் உண்டு. தந்தை விடுப்புக் கேட்டால் அதையும் இதே விதியில் பாருங்கள். குழந்தை இருவருக்கும்தான்.

திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே குழந்தை அழுதது. அந்தப் பெண் எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து, "மறுபடி சேத்துக்குவாங்களாங்க?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்வார்கள், புது ஆளாக. அந்தப் பதிலை அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இதழ் கைக்கு வந்த வாரத்தில் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் பிரசவ விடுப்பை ஒட்டி வாங்கிய ராஜினாமாக் கடிதங்களைத் தனியே எடுங்கள். அந்தப் பெண்களுக்கு ஒரு போன் போட்டு, பழைய பணித்தொடர்ச்சியோடு வேலைக்கு வரச் சொல்லுங்கள்.