மாசத்துக்கு ஒரு சுருட்டு: செலவு கடையில் இல்லை, இன்சூரன்ஸ் ஃபாரத்தில் இருக்கிறது!



போன பெருநாளைக்கு துபாயிலிருந்து ஊருக்கு வந்த என் கூட்டாளி, ஒரு சின்ன மரப்பெட்டியை நீட்டினான். உள்ளே ஐந்து சுருட்டு. "எப்பவாச்சும் ஒண்ணு பிடிக்கதுதானல, இதுக்குப் போய் என்ன கணக்கு?" என்றான். இந்தப் பதிவு அவனுக்கும், அவனைப் போல "எப்பவாச்சும்" பிடிக்கிற உங்களுக்கும்.

எஸ்ஐபி பாடம் எடுக்கப் போவதில்லை

இந்த இடத்தில் எல்லாரும் ஒரு கணக்கு போடுவார்கள். மாசம் 1,000 ரூபாய் சுருட்டுக்குப் பதிலாக எஸ்ஐபி போட்டால், 12% வருமானத்தில் 20 வருடத்தில் சுமார் 10 லட்சம்! கணக்கு சரிதான். ஆனால் 6% விலைவாசி உயர்வைக் கழித்தால், அந்தப் 10 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 3.1 லட்சம்தான். 12% கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரவும் இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்து யாரும் பழக்கத்தை விட்டதாக நான் பார்த்ததில்லை. சம்பாதிக்கிறவருக்குச் சந்தோஷத்துக்கென்று ஒரு பட்ஜெட் இருக்கலாம். அதற்குள் அடங்கினால் அது உங்கள் இஷ்டம்.

நம்ம ஊருக்குப் புகையிலை புதுசா?

மேலப்பாளையத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் தறிக்குப் பெயர்போன ஊர், பிறகு பீடி ஊர் ஆனது. உம்மா மடியில் சுளகை வைத்து, இலை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டிய பீடிக் கூலியில்தான் நான் படித்தேன். அதனால் புகையிலையைத் திட்டவும் எனக்கு வாய் வராது, கொண்டாடவும் மனசு வராது.

சுருட்டும் தமிழ்நாட்டுக்கு அந்நியம் இல்லை. திருச்சி உறையூர்ச் சுருட்டு வெள்ளைக்காரர் காலத்திலேயே கடல் தாண்டிப் போனது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து "இது திருச்சிச் சுருட்டு" என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார்!

வாங்குவதென்றால் எப்படி வாங்குவது?

* ஒன்று மட்டும் வாங்குங்கள். பெட்டியாக வாங்கினால் ஒன்றின் விலை குறையும், ஆனால் மாசம் ஒன்று வாரம் ஒன்றாகிவிடும். கையில் இருப்பு இருந்தால் கை சும்மா இருக்காது.
* அளவைப் பாருங்கள். சுருட்டின் தடிமனை ஒரு அங்குலத்தில் 64-ல் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். 50 என்றால் 50/64 அங்குலம். 5 அங்குல நீளம், 50 தடிமன் உள்ள சுருட்டு முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். எப்பவாச்சும் பிடிப்பவருக்குச் சின்னதே போதும், விலையும் குறைவு.
* லேசாக அமுக்கிப் பாருங்கள். மொறுமொறு என்று சத்தம் வந்தால் காய்ந்த சரக்கு. சுருட்டுக்கு 65-70% ஈரப்பதம் வேண்டும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தால் வீணாகும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் காயும்.
* எச்சரிக்கைப் படம் இருக்கிறதா? இந்தியாவில் விற்கிற புகையிலைப் பாக்கெட்டில் 85% இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். அது இல்லாமல் "ஃபாரின் சரக்கு" என்று கடையில் கொடுத்தால் கள்ளச்சரக்கு, போலியாகவும் இருக்கலாம்.
* வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால், வரி இல்லாமல் ஒருவருக்கு 25 சுருட்டு அல்லது 100 சிகரெட். இரண்டும் சேர்த்து அல்ல.

விலையில் வரிக்கும் பெரிய பங்கு உண்டு. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட், சுருட்டுக்கு 40% என்றும், பீடிக்கு 28-லிருந்து 18% என்றும் முடிவு செய்தது.

இன்னொன்று. "புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் பரவாயில்லை" என்பது தப்பு. நிகோட்டின் வாய் வழியாகவே ரத்தத்தில் ஏறும். வாய்ப் புற்றுநோய்க்கு நுரையீரல் வரை புகை போக வேண்டியதில்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவு புகையிலை இருக்கலாம்.

இப்போது உண்மையான செலவு

சில வருடங்களுக்கு முன் நான் டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தேன். "கடந்த 12 மாதத்தில் எந்த வடிவிலாவது புகையிலை பயன்படுத்தினீர்களா?" என்று ஃபாரத்தில் கேள்வி. மாசம் ஒன்றுதானே, நானெல்லாம் ஸ்மோக்கரா என்று "இல்லை" போட்டேன். மெடிக்கல் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று பிடித்திருந்தேன். யூரின் டெஸ்டில் கோட்டினைன் காட்டிக்கொடுத்தது. கோட்டினைன் என்பது நிகோட்டின் உடம்பில் மாறி நிற்கும் பொருள். பிரீமியத்தை ஏற்றி புது ஆஃபர் அனுப்பினார்கள். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

ராத்திரி யோசித்தபோதுதான் பயம் வந்தது. டெஸ்ட் இல்லாமல் பாலிசி கிடைத்திருந்தால்? ஒரு வருடத்தில் எனக்கு ஏதாவது ஆகி, விசாரணையில் இது தெரிந்திருந்தால்? என் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் நான் சொன்ன ஒரு பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இன்சூரன்ஸ் சட்டம் பிரிவு 45-ன்படி, பாலிசி தொடங்கி 3 வருடம் முடிந்தபின் எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அந்த 3 வருடத்துக்குள் முக்கியமான விஷயத்தை மறைத்தது தெரிந்தால் கிளெய்மை மறுக்க வழி உண்டு. "அப்போ 3 வருஷம் ஓட்டிடலாமே" என்று நினைக்காதீர்கள். மரணம் தேதி பார்த்து வராது.

இன்சூரன்ஸ் ஃபாரத்தில் "எப்பவாச்சும்" என்று ஒரு கட்டம் கிடையாது. ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். சுருட்டின் முழு விலை தெரிய வேண்டுமா? ஸ்மோக்கர், நான்-ஸ்மோக்கர் இரண்டு பிரீமியத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த வித்தியாசத்தை 12 சுருட்டால் வகுத்து, கடை விலையோடு கூட்டுங்கள். அந்தத் தொகை கொடுத்தும் பிடிக்கத் தோன்றினால் பிடியுங்கள். நான் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு விட்டுவிட்டேன். கூட்டாளி கொடுத்த பெட்டியையும் அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஏற்கெனவே "இல்லை" போட்டவர்கள், இன்றே கம்பெனிக்கு எழுதித் திருத்துங்கள். பிரீமியம் ஏறினால் ஏறட்டும்.

கடைசியாக ஒன்று. உம்மாவுக்கு வரும் பிஎஃப் பென்ஷன் மாசம் ஆயிரத்துச் சொச்சம். குறைந்தபட்சப் பென்ஷன் 2014-லிருந்து 1,000 ரூபாய்தான். வருடக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து சுருட்டியதற்குக் கிடைப்பது, ஒரு நல்ல சுருட்டின் விலை. உங்கள் வீட்டிலும் பீடி சுத்தின உம்மா, லாத்தா, அக்கா இருந்தால், அவர்கள் பிஎஃப் கணக்கில் பெயர், பிறந்த தேதி, நாமினி சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். 10 வருட சர்வீஸ் இருந்தால் பென்ஷனுக்கு உரிமை உண்டு.

பிரீமியம் கணக்கை எப்படிப் போடுவது என்று நம்ம சேனல் வீடியோவில் காட்டியிருக்கிறேன். "எப்பவாச்சும்" பிடிக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்!