இன்னொருக்கா போடுங்கண்ணே

அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனார். அப்படிப் போகத் துடிக்கிற ஆறு விடுதி மாணவர்களோடு ஞாயிறுதோறும் ஐயெல்ட்ஸ் தேர்வுக்காக உட்கார்கிறேன். வாசிப்பில் 60 நிமிடம், 40 கேள்வி. சமாளித்துவிடுகிறார்கள், நம்ம பிள்ளைகள் படிப்பில் யாருக்குச் சளைத்தவர்கள்? கேட்பதில்தான் இடறுகிறது. அங்கேயும் 40 கேள்விதான், ஆனால் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். "இன்னொருக்கா போடுங்கண்ணே" என்கிறான் ஒருவன். தேர்வறையில் யாரிடம் கேட்பான்?

அதனால் முதலில் நிறுத்தாமல் போட்டு விடை எழுதச் சொல்கிறேன். பிறகுதான் எழுத்துப் பிரதியைக் கொடுத்து வரிவரியாகத் திரும்பக் கேட்பது. வீட்டிலேயே ஆங்கிலம் காதில் விழ வளர்ந்தவனுக்கு இந்தப் பாடு எதுவுமில்லை. அதற்குத் தகுதி என்று பெயர்!

ஆங்கிலம் பேசத் தெரிந்த தோழர்களே, ஞாயிறு காலையில் வாருங்கள். இலக்கணமெல்லாம் நடத்த வேண்டாம். சும்மா பேசிக்கொண்டிருங்கள், போதும்.