சிற்றறையும் குளிர்சாதனமும்

மும்பை மாநகரின் தாராவிப் பகுதியில் பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உடைய தகரக் கூரை அறைகள் பல உள. அவற்றுட் சிலவற்றின் சுவரில் இப்பொழுது அறைக் குளிர்சாதனம் பொருத்தப்பட்டிருத்தலைக் காணலாம். காண்போரிற் சிலர், சிறுவருவாய்க் குடும்பத்தார்க்கு இவ்வாடம்பரம் எற்றுக்கு என வினவுகின்றனர். இவ்வினா முறையானதன்று. மே மாதத்தில் மும்பையின் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 33, 34 பாகை சென்டிகிரேடு அளவில் நிற்கும். நாகபுரியின் வெயிலை நோக்க இது குறைவேயாம். ஆயினும் கடற்காற்றின் ஈரத்தால் மும்பையில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிடின் உடல் குளிர்வதுமில்லை. நாகபுரியில் நன்கு பயன்படும் ஏர்கூலர் மும்பையில் ஈரத்தைப் பெருக்குவதன்றி வேறு பயன் தருவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். பகல் முழுதும் தையற்பொறி முன் அமர்ந்து உழைப்பவருக்கு இரவில் உறக்கம் வேண்டும். அதனை ஆடம்பரம் என்று கூறுதல் தகாது.

கேட்கத்தக்க வினா வேறொன்று. குளிர்சாதனம் அவ்வறையில் எவ்வாறு பொருத்தப்படுகின்றது? இதனைப் பற்றி விற்பவரும் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதாகப் பலர் கருதுகின்றனர். மாணவரும் அவ்வாறே எழுதுகின்றனர். உண்மையில் அப்பொறி சுவருக்கு உட்புறமுள்ள வெப்பத்தை வெளிப்புறத்திற்குக் கடத்துகின்றது, அவ்வளவே. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றிற்கென இவ்வேற்பாட்டினை முதலில் வகுத்தபொழுது, காகிதத்தைக் கெடுத்த ஈரத்தை நீக்குதலே அவருடைய நோக்கமாயிருந்தது. மனிதரின் சுகம் பின்னரே வந்தது. 'ஒரு டன்' என்னும் அளவும் பனிக்கட்டி வாணிகத்தின் எச்சமேயாகும்: ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்பொழுது உட்கொள்ளும் வெப்பமே அது. இக்கால அளவையில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். இத்தனை வெப்பத்தை அறையிலிருந்து இறைப்பதற்குப் பொறி சுமார் 1 கிலோவாட் மின்சாரத்தையும் உட்கொள்கின்றது. அதுவும் வெப்பமாகவே வெளியேறும். ஆகவே ஒரு டன் குளிர்சாதனம் முழு அளவில் இயங்குங்கால் 4.5 கிலோவாட் வெப்பம் வெளியே கொட்டப்படுகின்றது. நான்கைந்து மின்சார இஸ்திரிப் பெட்டிகளை இடைவிடாது சூடேற்றி வாயிலில் வைத்தாற்போன்றது இது.

இச்சிக்கலைத் தம் கைப்பட உணர்ந்தோர், அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சிறு கூண்டுவண்டி கட்டுவோர் ஆவர். மோட்டார்காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் நீர்த்துளி வடிவக் கூண்டுவண்டி 1930-களில் அங்கே தோன்றிற்று. அகலமும் உயரமும் நான்கடி, நீளம் எட்டடி என்பது அதன் பழைய அளவு. உள்ளே இருவர் படுக்கலாம். பின்புறக் கதவைத் தூக்கினால் ஒரு சிறு சமையற்கட்டு. ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு வீட்டுக் கொட்டிலிலேயே இதனைக் கட்டிக்கொள்வோர் இன்றும் உளர். கோடையில் இதற்குள் உறங்க விரும்புவோர், ஒரு டன்னிற்கும் பாதிக்குக் குறைவான திறனுடைய சிறு சன்னற் குளிர்சாதனத்தை வாங்கிச் சமையற்கட்டின் அலமாரியில் வைக்கின்றனர். இங்கேதான் தவறு நிகழ்கின்றது. பொறியின் பின்பாகம் கக்கும் சூடான காற்று அலமாரிக்குள்ளேயே சுழன்று, அதே பொறியால் மீண்டும் உறிஞ்சப்படுகின்றது. சிறிது நேரத்தில் குளிர்ச்சி குன்றுகின்றது, மின்செலவு ஏறுகின்றது, இறுதியில் கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிடுகின்றது. பட்டறிவு பெற்றோர், காற்று புகும் வழியையும் போகும் வழியையும் தனித்தனியே பிரித்து, நடுவே தட்டி நிறுத்தி, இடுக்குகளை அடைத்து, வெப்பக் காற்றைக் குழாய் வழியே வெளியேற்றுகின்றனர். பொறியை வாங்குவதைவிட இதற்கே அதிக நாள் செலவாகின்றது.

தாராவியின் சந்து இவ்வலமாரியைப் போன்றதே. அகலம் மூன்றடி, நான்கடி, இருமருங்கும் சுவர், மேலே தகரத்தின் விளிம்பும் மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாயும். இத்தகைய சந்தில் ஒருவர் வெளிப்பெட்டியை மாட்டினால், அதன் வெங்காற்று எதிர்வீட்டுச் சன்னலுக்குள் புகும். எதிர்வீட்டார் சன்னலை அடைப்பர். பின்னர் இயன்றால் அவர்களும் ஒன்று வாங்குவர். பத்து வெளிப்பெட்டிகள் ஒரே சந்தில் இயங்கினால் 45 கிலோவாட் வெப்பம் அங்கே தேங்கும். ஒவ்வொரு பொறியும் மற்றதன் வெப்பத்தைக் குடித்துத் திணறும். குளிர்சாதனம் வாங்க இயலாத வீட்டார் இத்தனைக்கும் நடுவே மின்விசிறியுடன் இருத்தல் வேண்டும். மாதுங்காவின் பழைய குடியிருப்புக் கட்டடங்களில் இவ்விடர் பெரிதாகத் தோன்றாமைக்குக் காரணம் அங்குள்ளோரின் செல்வம் மட்டுமன்று. அக்கட்டடங்களிடையே விடப்பட்ட வெளியும் அகன்ற தெருவுமாம். தாராவியில் வெளிப்பெட்டிக்கு உரிய இடம் கூரைக்கு மேலேயே. குழாய் சற்று நீளும், செலவும் கூடும். எனினும் அதனைத் தவிர்ப்போர் தம் வெப்பத்தை அயலார் தலையில் இறக்குகின்றனர் என்பதை மறைத்தற்கில்லை.

கூரை என்றதும் மற்றொன்று கூறல் வேண்டும். நூறு சதுர அடித் தகரத்தின்மீது நண்பகலில் விழும் வெயில் ஏறத்தாழ 9 கிலோவாட். துருவேறிய தகரம் அதிற் பாதிக்குமேல் விழுங்கிச் சூடேறுகின்றது; உள்ளே இறங்கும் பங்கு ஒரு கிலோவாட்டிற்குக் குறையாது என மதிப்பிடலாம். ஒரு டன் பொறியின் திறனில் கால் பங்கிற்கு மேல் இக்கூரைக்கே செலவாகின்றது என்பது இதன் பொருள். வெண்மையான பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும். அகமதாபாத்தில் 2013-இல் வெப்பத் தற்காப்புத் திட்டம் வகுக்கப்பட்ட பின்னர் இம்முறை அங்கே பரவியது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. மும்பையில் சுண்ணாம்பு ஒரு பருவமழைக்கும் நில்லாது, அழுக்கும் படியும். ஆதலின் மழை தாங்கும் பூச்சும், தகரத்தின் கீழே காற்றிடைவெளி விட்டு அமைத்த உட்கூரையும் வேண்டும். கூரைக்குச் செலவிட்டபின் பார்த்தால், ஒரு டன்னுக்குப் பதில் முக்கால் டன் பொறியே போதும் எனக் காணப்படலாம். பொறியை வாங்கிய பின்னர்க் கூரையை நினைப்பது தலைகீழ் முறையாகும்.

இனி மூச்சு. சுவரில் மாட்டப்படும் இருபாகக் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொணர்வதாகப் பலர் நம்புகின்றனர். அது கொணர்வதில்லை, அறைக்காற்றையே சுழற்றுகின்றது. உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 13 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றார். எட்டடி உயரமுள்ள மேற்கூறிய அறையில் ஐவர் உறங்கி, இடுக்கெல்லாம் அடைபட்டிருப்பின், அவ்வாயுவின் விகிதம் மணிக்கு 0.3 விழுக்காடு ஏறும். திறந்த வெளியில் அது 0.04 விழுக்காடே. கூண்டுவண்டியிலோ இருவர் உறங்கினாலே மணிக்கு 0.7 விழுக்காடு ஏறும். தகர அறை ஒருபொழுதும் முற்ற அடைபடுவதில்லை என்பது உண்மையே. எனினும் மின்கட்டணத்திற்கு அஞ்சித் துணியும் காகிதமும் திணிக்கும் வழக்கம் ஆபத்தானது. செம்பூரை அடுத்த மான்கூர்ட், கோவண்டிப் பகுதிகளின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் நடத்தப்பெற்று 2018-இல் வெளியான ஆய்வு, நெருக்கமான கட்டடங்களில் வெயிலும் காற்றும் புகாமைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிற்று. அத்தகைய வீட்டின் எஞ்சிய சன்னலையும் குளிர்சாதனத்தின் பொருட்டு அடைக்கச் செய்தல் நோய்க்கு இடந்தருவதாகும். உயரத்தில் ஒரு சிறு திறப்பும், இயன்றால் ஒரு வெளியேற்று விசிறியும் இருத்தல் வேண்டும். அதனால் சிறிது குளிர்ச்சி வீணாகும். வீணாகட்டும்.

பொறியிலுள்ள வாயுவையும் களப்பணியாளர் கருதுதல் நன்று. இக்காலக் குளிர்சாதனங்களில் உள்ள ஆர்-32 சிறிதளவும், ஆர்-290 பெரிதளவும் தீப்பற்றும் இயல்பின. ஆதலால் இத்தனை தரைப்பரப்பிற்குக் குறைந்த அறையில் பொருத்தலாகாது எனத் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே குறிக்கப்படுவதுண்டு. சிற்றறைக்காரர்க்கே மிக வேண்டிய இவ்வரி பெரும்பாலும் படிக்கப்படுவதில்லை.

அரசாங்க விதிகள் இதுவரை பொறியையே நோக்கி வந்துள்ளன. நட்சத்திரச் சீட்டு உண்டு. 2020 முதல் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்ற விதியும் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னிற்கு மேற்பட்ட சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது, இது வரவேற்கத்தக்கது. லாரிக்கு வெளியே திறந்த சாலை இருக்கின்றது; அது கக்கும் வெப்பம் பரவிவிடும். சந்திற்கு அவ்வசதி இல்லை. தாராவி மறுசீரமைப்பில் தகுதியுடைய குடும்பத்திற்கு 350 சதுர அடி வீடு தரப்படும் என 2024-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வீடுகளின் வரைபடத்திலேயே வெளிப்பெட்டிக்குரிய தட்டும், அதன் வெங்காற்றுப் போகும் திசையும், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் சொட்டக்கூடிய நீருக்கு வடிகுழாயும் குறிக்கப்படல் வேண்டும். கட்டி முடித்தபின் சுவரைத் துளைத்து மாட்டினால், இன்றைய சந்து அங்கே செங்குத்தாக நிற்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டுதல் எளிது. அட்டைப்பெட்டியோ கணக்கோ வேண்டுவதில்லை. இரு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றை இயங்கும் வெளிப்பெட்டிக்கு நேரெதிரே சந்திலும், மற்றதைத் தெருமுனையிலும் நிழலில் தொங்கவிட்டு, மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை கால்மணிக்கு ஒருமுறை மாணவரைக் குறித்துவரச் செய்யலாம். அச்சந்தில் குடியிருக்கும் மாணவரே குறிப்பெடுத்தல் சிறப்பு. அவர் வீட்டில் சன்னல் எப்பொழுது அடைக்கப்பட்டது என்பதையும் அவரே அறிவார்.