ஸ்கைலர் செய்த குற்றம்

ஆபீஸில் 'பிரேக்கிங் பேட்' பார்த்து முடித்த நாலு பேரைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்தத் தொடரில் யாரைக் கண்டால் உங்களுக்கு எரிச்சல்?"

எரிச்சல்படுவதற்கு அதில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தியால் ஒருத்தன் கழுத்தை அறுத்துவிட்டு, நிதானமாகக் கை கழுவி, டை கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகிற கோழிக்கடை முதலாளி இருக்கிறார். "இதில் பர்சனலா ஒண்ணும் இல்லீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாசலில் வைத்தே ஒரு பெண்ணைச் சுடுகிற பையன் இருக்கிறான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மணியடித்தே பயமுறுத்துகிற கிழவர் வேறு.

ஆனால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: "அந்தப் பொம்பளைதான் சார்... ஹீரோவோட ஒய்ஃப். ஸ்கைலர். அப்பப்பா, என்னா குடைச்சல்!"

ஸ்கைலர் செய்த கொலைகள் எத்தனை? சைபர். புருஷன் செய்ததும் செய்யச் சொன்னதும்? விரல் போதாது.

பிறகு ஏன் இந்தக் கோபம்? கொஞ்சம் விசாரிப்போம். (கதை தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறவர்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம்.)

★

பார்க்காதவர்களுக்கு: 2008 ஜனவரியில் அமெரிக்காவில் ஆரம்பித்து 2013 செப்டம்பரில் முடிந்த தொடர். மொத்தம் 62 பகுதிகள். நடக்கிற இடம் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி. நாயகன் வால்டர் ஒயிட், 50 வயது கெமிஸ்ட்ரி வாத்தியார். சம்பளம் போதாமல் சாயங்காலம் கார் வாஷில் பார்ட் டைம். அங்கே தன் மாணவனின் காருக்கே டயர் துடைக்க வேண்டியிருக்கிறது. மனைவி கர்ப்பம். மூத்த பையனுக்கு மூளை வாதம், ஊன்றுகோலுடன் நடக்கிறான். இந்த நிலைமையில் நுரையீரல் புற்றுநோய் என்று டாக்டர் சொல்ல, மனிதர் தனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரியை வைத்து மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதை மருந்தைக் காய்ச்சக் கிளம்புகிறார்.

இந்த இடத்திலேயே நாம் சரண்டர். மிடில் கிளாஸ், கடன், வியாதி, முதலாளியின் அதட்டல்... இதெல்லாம் நமக்குத் தெரிந்த சமாசாரங்கள். 'நம்மாளுப்பா' என்று சேர்த்துக்கொண்டுவிடுகிறோம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு வால்டரைப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மனிதர் பட்ஜெட் போடுகிறார்! இரண்டாம் சீசனின் முதல் பகுதியில் வாயாலேயே கூட்டுகிறார். இரண்டு பிள்ளைகளின் காலேஜ் செலவு 3,60,000 டாலர். வீட்டுக் கடன் வகையில் 1,37,000. குடும்பச் செலவு மாசம் 2,000 வீதம் பத்து வருஷத்துக்கு 2,40,000. ஆக மொத்தம் 7,37,000 டாலர். இன்னும் 11 டீல், அதோடு கடையைச் சாத்திவிடலாம் என்கிறார்.

கூட்டல் கரெக்ட். நானும் போட்டுப் பார்த்தேன், டாலி ஆகிறது. அந்தக் கணக்கில் மனிதர்களுக்கு மட்டும் காலம் போடவில்லை.

★

வன்முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹீரோ இருபது பேரைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த காட்சியில் காலர் கலையாமல் டூயட் பாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விழுந்த இருபது பேரை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோனார்கள் என்று கேட்டதுண்டா?

இந்தத் தொடர் அதைக் கேட்கிறது. முதல் பிணத்தை அமிலத்தில் கரைக்கப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வா என்கிறார் வாத்தியார். சிஷ்யன் ஜெஸ்ஸி சோம்பல்பட்டு வீட்டு பாத்டப்பிலேயே வேலையை முடிக்கப் பார்க்க, அமிலம் டப்பைத் தின்று, தரையையும் தின்று, எல்லாம் பொத்துக்கொண்டு கீழே விழுகிறது. அதை இரண்டு பேரும் குமட்டக் குமட்ட வழித்து அள்ளுகிறார்கள். சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் புரட்டுகிறது.

அடுத்த ஆள் இன்னும் சாகவில்லை. அடித்தளத்தில் ஒரு தூணோடு கழுத்தில் சைக்கிள் பூட்டுப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொல்வதா, விடுவதா? வால்டர் தாளை எடுத்து இரண்டு பத்தி பிரிக்கிறார், நம்முடைய டெபிட், கிரெடிட் மாதிரி. விட்டுவிடுவதற்கு நிறையக் காரணங்கள் எழுதுகிறார். கொல்வதற்கு ஒன்றே ஒன்று: விட்டால் என் குடும்பத்தையே கொன்றுவிடுவான். அந்த ஆளுக்கு சாண்ட்விச் செய்து கொடுத்து, ஓரத்து ரொட்டி பிடிக்காது என்பதால் வெட்டியும் கொடுத்து, பேசிப் பேசிக் கடைசியில் விட்டுவிடலாம் என்றே சாவி எடுக்கப் போகிறார். உடைந்த தட்டில் கத்தி மாதிரி ஒரு துண்டு குறைவது அப்போதுதான் தெரிகிறது. கொல்கிறார். கொல்லும்போது "ஸாரி, ஸாரி" என்று அழுகிறார்.

ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கஷ்டமான வேலை என்று இதைப் போலக் காட்டிய இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதெல்லாம் முதல் சீசன். ஐந்தாவது சீசனில் ஓடும் ரயிலையே நிறுத்தி ஆயிரம் காலன் ரசாயனம் திருடுகிறார்கள். நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கிறோம். ஜெயித்ததும் அவர்களோடு நாமும் கை தட்டுகிறோம். திரும்பினால், பைக்கில் ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருக்கிறான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். 'ஹலோ' என்பதுபோல் கையசைக்கிறான். அந்த மரியாதைக்காரப் பையன் பதிலுக்குக் கையசைத்துவிட்டுச் சுட்டுவிடுகிறான்.

தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது?

★

பி.காம். மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டிரயல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்ற தலைப்பில் போட்டுவிட்டு மேலே போகலாம். வால்டரின் கொலைகளை நாம் அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம்.

ஜெஸ்ஸியின் காதலி ஜேன், போதை மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சு திணறுகிறாள். பக்கத்தில் வால்டர் நிற்கிறார். ஒருபக்கமாகப் புரட்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள். புரட்டவில்லை. நின்று பார்க்கிறார். "அவ பணம் கேட்டு மிரட்டினா இல்ல சார்?" என்கிறார் என் பக்கத்து சீட் நண்பர். போடு, சஸ்பென்ஸில்.

தொடர் போடவில்லை. ஜேனின் அப்பா விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிற வேலையில் இருக்கிறவர். மகள் போன துக்கத்தோடு வேலைக்குத் திரும்புகிறார். கவனம் சிதறி, ஊருக்கு மேலேயே இரண்டு விமானங்கள் மோதிக்கொள்கின்றன. 167 பேர் காலி. பள்ளிக்கூடத்தில் துக்கக் கூட்டம் நடக்கிறது. வால்டர் மைக்கைப் பிடித்து என்ன சொல்கிறார் தெரியுமா? உலக விமான விபத்துகளின் வரிசையில் இது ஐம்பதாவது இடம்தானாம்! பட்ஜெட் போட்ட அதே வாய்.

★

இப்போது ஸ்கைலர். இந்த அம்மாளின் தொழில் என்ன தெரியுமா? கணக்கு எழுதுவது.

ஆபரேஷனுக்கு முன் மருந்து மயக்கத்தில் இருக்கும் வால்டரிடம் "செல்போன் கொண்டுவந்தீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்கிறாள். "எந்த போன்?" என்கிறார் மனிதர். தீர்ந்தது! (கல்யாணமானவர்கள் குறித்துக்கொள்ளவும்.) அதற்கப்புறம் ஸ்கைலர் செய்வது சுத்தமான ஆடிட். மாமியாருக்கு போன் போடுகிறாள். அந்தம்மாவுக்கு மகனின் வியாதியே தெரியாது. வைத்தியச் செலவைக் கொடுத்ததாகச் சொன்ன பணக்கார சிநேகிதியைக் கேட்கிறாள். ஒரு பைசா கொடுக்கவில்லை என்று வருகிறது. ஒவ்வொரு வவுச்சராகப் பார்த்து முடித்து, அடுத்த சீசன் ஆரம்பத்தில் நேருக்கு நேர் கேட்டுவிடுகிறாள்.

அவள் உத்தமி என்று நான் சொல்ல வரவில்லை. முதலாளியின் பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவரோடு உறவும் உண்டு. பிறகு அந்தப் பழைய கார் வாஷையே வாங்கிப் புருஷனின் கறுப்பை வெள்ளையாக்கியும் கொடுக்கிறாள். ஆனால் ஐந்தாவது சீசனில் ஒரு வாடகைக் கிடங்குக்குள் புருஷனைக் கூட்டிப்போய்ப் படுக்கை மாதிரி அடுக்கிய நோட்டுக் குவியலைக் காட்டுகிறாள். எண்ணி மாளவில்லை, எவ்வளவு என்று எனக்கே தெரியாது என்கிறாள். பிறகு, இன்னும் எவ்வளவு பெரிய குவியல் ஆனால் போதும் என்று கேட்கிறாள்.

7,37,000 போதும் என்றவரிடம்தான் அதைக் கேட்கிறாள்.

அவள் மேல் நமக்கு ஏன் எரிச்சல்? ஜாலியாகச் சினிமா பார்த்துக்கொண்டிருக்கும்போது லைட்டைப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

இது நம் ஆபீஸ் சமாசாரம் மட்டுமில்லை. அமெரிக்காவிலேயே ஸ்கைலரைத் திட்டுவதற்கென்று தனிப் பக்கங்கள் நடத்தினார்கள். அந்தக் கோபம் பாத்திரத்தைத் தாண்டி, நடித்த அன்னா கன் மேலேயே பாய்ந்தது. அவரைக் கொல்ல வேண்டும், எங்கே கிடைப்பார் என்று ஒரு ஆள் எழுதியதை அவரே 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் குறிப்பிட்டார். புருஷனை எதிர்த்துக் கேட்கிற மனைவியைச் சிலரால் பொறுக்க முடியவில்லை என்பது அவர் கண்ட காரணம். அதே நடிப்புக்கு 2013, 2014 இரண்டு வருஷமும் அவருக்கு எம்மி விருது கிடைத்தது.

கொலை செய்கிறவனாக நடித்தவருக்கு ரசிகர்கள். ஏன் செய்தாய் என்று கேட்கிறவளாக நடித்தவருக்குக் கொலை மிரட்டல். 62 பகுதிகளில் கொட்டிய ரத்தம் அத்தனையையும்விட எனக்குப் பயமாக இருந்தது இதுதான்.

கடைசிப் பகுதியில் வால்டர் ஸ்கைலரைப் பார்க்க வருகிறார். 'எல்லாம் குடும்பத்துக்காகத்தான்' என்று மறுபடி ஆரம்பிக்கப் போகிறாரோ என்று அவள் சலித்துக்கொள்கிறாள். இல்லை, எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறார். நாம் விடிய விடிய 'பாவம், குடும்பத்துக்காகச் செய்யறார்' என்று வக்கீல் வேலை பார்த்தோமே, ஃபீஸ்கூட இல்லாமல் கேஸை நம் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதுவரை பார்க்காதவர்கள் தாராளமாகப் பாருங்கள், அற்புதமான தொடர். கூட மனைவியும் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் விசேஷம். ஸ்கைலர் ஒரு கேள்வி கேட்டு நீங்கள் 'ச்சே' என்று சலித்துக்கொள்ளும்போது, மெதுவாகத் திரும்பிப் பக்கத்து முகத்தைப் பாருங்கள்.

நாடகம் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும்.